கோழிக் கண்: சொட்டு மருந்துக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

கோழி ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றால் கை முதலில் போவது மருந்து டப்பாவுக்குத்தான். யாருக்கோ எப்போதோ வாங்கிய கண் சொட்டு மருந்து அதில் பாதி மீதம் இருக்கும். இரண்டு சொட்டு விட்டு இறக்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் கண் இன்னும் பெரிதாக வீங்கியிருக்கும். "மருந்து கேட்கவில்லை" என்று வேறு மருந்துக்கு மாறுவார்கள். பெரும்பாலும் மருந்தின் மேல் தப்பே இருக்காது. அது கண்ணைத் தொட்டிருக்கவே மாட்டாது.

காரணம் கோழியின் சீழ். நமக்குப் புண் பழுத்தால் சீழ் ஒழுகி வெளியேறும். பறவைகளின் வெள்ளணுக்களில் சீழை இளக்கித் தண்ணீராக்கும் நொதிகள் போதிய அளவு இல்லை. அதனால் கோழிக்குச் சீழ் பிடித்தால் அது பன்னீர்க் கட்டி மாதிரி இறுகி, இமைக்கு அடியில் ஒரு அச்சாக உட்கார்ந்துவிடும். மேலே எத்தனை சொட்டு விட்டாலும் அந்தக் கட்டியின் மேல்தான் விழும். கட்டி தானாகக் கரையவும் செய்யாது. கோழிக் கண் வைத்தியத்தில் முக்கால் பங்கு வேலை கழுவுவதும், இளக்குவதும், அந்தக் கட்டியை எடுப்பதும்தான். மருந்து அதற்குப் பின்னால்.

இன்னொரு குழப்பம், "கண் வீக்கம்" என்று சொல்வதில் பாதி கண்ணே கிடையாது. கோழிக்குக் கண்ணின் முன்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும், தோலுக்கு அடியிலேயே ஒரு காற்றறை இருக்கிறது. மூக்கோடு சேர்ந்த சைனஸ் அது. வெளிப்பக்கம் எலும்பு மூடாமல் வெறும் தோல்தான் மூடியிருப்பதால், சளி நிறைந்தால் வெளியே புடைக்கும், கண்ணை மேலே தள்ளும். பார்ப்பவருக்குக் கண் வீங்கியது போல் தெரியும். இமையை விலக்கிப் பாருங்கள். உள்ளே கண் தெளிவாக, ஈரமாக, பளபளப்பாக இருந்து, அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே மட்டும் புடைப்பு இருந்தால், கோளாறு மூச்சுப் பாதையில் இருக்கிறது. அதற்குக் கண் சொட்டு மருந்து எதுவும் செய்யாது.

தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது

எத்தனை கண், எத்தனை கோழி என்பது முதல் கேள்வி. ஒரே கோழி, ஒரே கண், மற்றபடி தும்மலும் சளியும் இல்லை என்றால் கொத்து, கீறல், தூசி, புல் விதை, மரத்தூள் இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே கோழி, இரண்டு கண் என்றால் உடம்புக்குள் ஏதோ இருக்கிறது. பல கோழிகளுக்கு இரண்டு கண்ணும் என்றால் தொற்று நோய், இல்லையேல் கொட்டிலின் காற்று.

அடுத்து மூக்கு. இரண்டு நாசித் துளைகளும் காய்ந்து சுத்தமாக இருக்கின்றனவா, பக்கத்தில் சளியில் தீவனத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். துளைக்கு மேலே விரலால் லேசாக அழுத்தினால் சளி எட்டிப் பார்க்கும். முகத்தருகே மோந்து பாருங்கள், நாற்றம் ஒரு நல்ல தடயம். பிறகு வாயைத் திறந்து அண்ணத்தில் உள்ள பிளவையும், நாக்கையும், தொண்டையையும் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மஞ்சள் படலமோ இருந்தால் வைத்தியமே வேறு. காதை மார்பில் வைத்தால் கொறகொறப்பு கேட்கும். இரவில், எல்லாம் அடைந்த பிறகு கொட்டிலில் இரண்டு நிமிடம் சத்தம் போடாமல் நின்றால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

கடைசியாகக் கண். சின்ன டார்ச் ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பார்க்க வேண்டும். நேராக அடித்தால் எதிரொளிதான் தெரியும். கருவிழிப் பரப்பு கண்ணாடி போல் இருக்கிறதா, எங்காவது சாம்பல் நிற மங்கல் புள்ளி இருக்கிறதா? கண்மணி வட்டமாக இருக்கிறதா? மூக்கோரத்திலிருந்து குறுக்கே வந்து போகும் மெல்லிய மூன்றாவது இமை தடையில்லாமல் ஓடுகிறதா? அந்த மூன்றாவது இமையைக் "கண்ணில் தோல் வளர்ந்திருக்கிறது" என்று நினைத்துப் பிடித்து இழுப்பவர்கள் உண்டு. அது கோழி பிறக்கும்போதே உள்ளது, கண்ணைத் துடைக்கும் துணி அதுதான். இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பறவைகளுக்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக வெளிச்சத்துக்குச் சுருங்கும், டார்ச் அடித்த பக்கம் சிறுத்து மறுபக்கம் பெரிதாக இருப்பது இயல்பு.

கழுவுவது

தேவையானவை: 0.9 சதவீத உப்புக்கரைசல், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சுகள் இரண்டு, காஸ் துணி, காட்டன் பட்ஸ், ஒரு பெரிய துண்டு. ஏற்றுவதற்கு வரும் நார்மல் சலைன் பாட்டில் கிடைத்தால் அதுதான் சிறந்தது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து 9 கிராம் பொடி உப்பு போட்டு ஆறவிடுங்கள். தட்டையாக வழித்த டீஸ்பூனில் ஏறக்குறைய ஒன்றரை. தராசில் நிறுத்துப் போடுவது நல்லது, உப்பு கூடினால் எரியும். வெறும் தண்ணீரும் எரியும், ஏனென்றால் உப்பில்லாத தண்ணீர் கண்ணின் மேல்தோலுக்குள் இறங்கி அதை உப்ப வைக்கும். வீட்டில் கலக்கியதை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. கோழியின் உடல் சூடு 41 டிகிரிக்கு மேல் என்பதால் நமக்கு வெதுவெதுப்பாகத் தெரிவது அதற்குச் சற்றுக் குளிர்ச்சிதான். 38 முதல் 40 டிகிரி போதும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டால் சுடாமல் இதமாக இருக்க வேண்டும்.

பிடிப்பதில்தான் தவறு நடக்கும். இறக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்துத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே. இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. கோழிக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. மார்பை அழுத்திப் பிடித்தால் அடங்கிவிட்டது போலத் தோன்றும், உண்மையில் மூச்சு முட்டுகிறது. மடியில் உட்கார வைத்து, ஒரு கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாடைக்கு இரு பக்கமும் வருமாறு தலையைப் பிடியுங்கள். ஏற்கெனவே வாய் திறந்து மூச்சு வாங்கும் கோழியை ஒரே மூச்சில் முடிக்க முயலாமல் நடுவில் விட்டு, ஓய்வு கொடுத்துத் தொடருங்கள்.

இமை ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். காஸ் துணியை வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் நனைத்துக் கண் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள். பொறுக்கு இளகியதும் மூக்கோரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு ஒரே வாக்கில் துடையுங்கள். ஒரு துடைப்புக்கு ஒரு காஸ். மறு கண்ணுக்கு அதே காஸ், அதே சிரிஞ்சு வேண்டாம்.

இப்போது கீழிமையைச் சற்றுக் கீழே இழுங்கள். கோழிக்கு மேலிமையை விடக் கீழிமைதான் அதிகம் அசையும், பெரியதும் அதுதான். அதனால் சீழ்க்கட்டி பெரும்பாலும் கீழிமைப் பையில் கிடக்கும். தலையைச் சாய்த்து, நோயுள்ள கண் சற்றுக் கீழாகவும் அலகு கீழ்நோக்கியும் இருக்குமாறு வைத்து, சிரிஞ்சின் முனை கண்ணைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து வெளியே ஓடும்படி மெதுவாக விடுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சினால் குப்பை இன்னும் உள்ளே போகும். ஒரு கண்ணுக்கு 10 முதல் 20 மில்லி. கண்ணீர்க் குழாய் மூக்குக்குள் திறப்பதால் கொஞ்சம் தண்ணீர் அண்ணப் பிளவு வழியாக வாய்க்கு வரும், கோழி தலையை உதறி விழுங்கும். பயப்பட ஒன்றுமில்லை. மூக்கில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

கட்டி தெரிந்தால் நனைத்த காட்டன் பட்ஸை அதன் ஓரத்தில் வைத்து உருட்டுங்கள், குத்த வேண்டாம். இமையின் வெளிப்பக்கத்தில் விரலால் மெல்ல அழுத்தினால் பல நேரம் முழுக் கட்டியும் ஒரே துண்டாக வழுக்கி வெளியே வரும். பட்டாணி அளவுக்குக் கூட இருக்கும். வரவில்லை, அல்லது ரத்தம் தெரிகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். ஈரமான காஸை வைத்து மருந்து போட்டு, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி முயலலாம். மூன்று தவணையில் வரும் கட்டியை ஒரே தவணையில் பிடுங்கித்தான் பல கண்கள் போகின்றன. கண்ணுக்கு வெளியே, சைனஸுக்குள் கல் போல் இறுகிய கட்டியை வீட்டில் பிளேடால் கீற வேண்டாம். அந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் அதிகம், மரத்துப்போகும் மருந்தில்லாமல் செய்வது கொடுமையும்கூட. அது கால்நடை மருத்துவரின் வேலை.

மருந்து

கழுவிய கண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும் உள்ள கண் ஆயின்ட்மென்ட் நல்லது. சொட்டு மருந்து கோழிக் கண்ணில் சில நிமிடம்தான் நிற்கும், மூன்றாவது இமை துடைத்துத் தள்ளிவிடும். ஆகவே சொட்டு என்றால் நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை, ஆயின்ட்மென்ட் என்றால் இரண்டு மூன்று முறை. ஆயின்ட்மென்டைக் கீழிமைக்குள் அரை சென்டிமீட்டர் நீளக் கோடாக இட்டு, இமையை மூடி இரண்டு முறை நீவிவிடுங்கள். இரண்டும் போடுவதாக இருந்தால் சொட்டு முதலில், ஐந்து நிமிடம் கழித்து ஆயின்ட்மென்ட். வரிசை மாறினால் எண்ணெய்ப் படலத்தின் மேல் விழுந்த சொட்டு வழிந்துவிடும். கண் சரியாகத் தெரிந்த பிறகும் இரண்டு நாள் தொடர வேண்டும். பிசுபிசுப்பில் தூசி ஒட்டும் என்பதால் அந்தக் கோழிக்கு மரத்தூள் படுக்கை கூடாது, பழைய துணியோ காகிதமோ விரித்து தினமும் மாற்றுங்கள்.

டப்பாவில் உள்ள எல்லாக் கண் மருந்தும் ஒன்றல்ல. டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று ஏதாவது ஒன்று லேபிளில் இருந்தால் அதை வைத்துவிடுங்கள். இந்த ஸ்டீராய்டுகள் வீக்கத்தையும் சிவப்பையும் ஒரே நாளில் குறைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கருவிழியில் கீறல் இருந்தால் அது ஆறாமல் ஆழமாகி, கண் ஓட்டையாகும் வரை போகும். கோழிக் கண்ணில் கீறல் இல்லை என்று சாயம் போட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. மரத்துப்போக வைக்கும் சொட்டுகளும் வேண்டாம், அடிக்கடி போட்டால் அவையும் புண் ஆறுவதைத் தடுக்கும். குளோராம்பெனிக்கால் உள்ள மருந்துகள் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும். ஆனால் உணவுக்காக வளர்க்கும் பறவைகளுக்கு அதைப் பயன்படுத்தப் பல நாடுகளில் தடை உண்டு, கண்ணில் விட்டாலும் கொஞ்சம் உடம்புக்குள் போகத்தான் செய்யும். முட்டையோ இறைச்சியோ சாப்பிடுகிற வீட்டில் அதைத் தவிர்ப்பதுதான் சரி. ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், சோப்பு கலந்த கிருமிநாசினி, சமையலறைப் பொடிகள், சாறுகள் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. புண்ணான கருவிழிமேல் எந்தப் பொடியும் மணல்தான்.

48 மணி நேரத்தில் கண் கொஞ்சமாவது திறக்க வேண்டும், 72 மணி நேரத்தில் வீக்கம் தெளிவாகக் குறைய வேண்டும். இல்லையென்றால் நோயைப் பற்றிய கணிப்பு தப்பு, அல்லது உள்ளே இன்னும் கட்டி இருக்கிறது. மருந்தை மாற்றுவதற்கு முன் இமையை மறுபடி விலக்கிப் பாருங்கள்.

நுரை, நாற்றம், பொறுக்கு

கண்ணோரத்தில் சோப்பு நுரை மாதிரிச் சின்னச் சின்னக் குமிழிகள் இருந்தால் மைக்கோபிளாஸ்மா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். நாட்பட்ட மூச்சு நோய் என்பது இதுதான். மெதுவாகப் பரவும், தும்மல், கொறகொறப்பு, சைனஸ் வீக்கம் கூடவே வரும். இந்தக் கிருமிக்குச் செல் சுவரே கிடையாது, எனவே செல் சுவரைத் தாக்கும் பென்சிலின், அமாக்சிசிலின் வகைகள் எவ்வளவு கொடுத்தாலும் வீண். டைலோசின், டாக்சிசைக்ளின் போன்றவை கேட்கும். டைலோசின் வழக்கமாகக் குடிதண்ணீரில் லிட்டருக்கு 0.5 கிராம் செயல்மருந்து என்ற அளவில் 3 முதல் 5 நாள். பாக்கெட்டில் உள்ள தூள் முழுவதும் செயல்மருந்து இல்லை, எத்தனை சதவீதம் என்று லேபிளில் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். அறிகுறி போகும், கிருமி போகாது. ஒரு முறை வந்த கோழி வாழ்நாள் முழுக்கச் சுமக்கும், குளிரிலும் இடமாற்றத்திலும் மறுபடி தலைகாட்டும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அந்தக் கோழியின் முட்டையை அடைவைப்பதும், அதைப் பிறருக்குக் கொடுப்பதும் கூடாது.

முகம் முழுக்கத் திடீரென வீங்கி, மூக்கொழுகி, அழுகிய நாற்றம் அடித்தால் அது கொரைசா என்ற பாக்டீரியா நோய். தொற்றி 1 முதல் 3 நாளுக்குள் அறிகுறி காட்டும், ஒரு வாரத்தில் கொட்டிலைச் சுற்றி வந்துவிடும். மைக்கோபிளாஸ்மாவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடே இந்த வேகமும் நாற்றமும்தான். சல்ஃபா வகை மருந்துகள், எரித்ரோமைசின் ஆகியவற்றுக்குக் கட்டுப்படும். பிழைத்தவை இங்கேயும் கிருமியைச் சுமக்கும்.

தண்ணீரில் மருந்து கலப்பதில் இரண்டு கோளாறுகள். நோயுற்ற கோழி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், அதற்குத்தான் மருந்து அதிகம் தேவை. நலமாக உள்ள கோழி நாளுக்குக் கால் லிட்டர் குடித்து மருந்தை ஏற்றிக்கொள்ளும். நிலைமை மோசமான கோழிக்கு மருத்துவரிடம் எடை சொல்லி, வாய்வழியாகவோ ஊசியாகவோ தனியாகக் கொடுப்பதே நியாயம். அடுத்தது, டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் (டாக்சிசைக்ளினும் இந்த வகைதான்) சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து உடம்பில் ஏறாமல் போகும். முட்டைக் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் எந்நேரமும் முன்னால் இருந்தால் மருந்தில் ஒரு பகுதி எச்சத்தோடு வெளியேறும். மருந்து கொடுக்கும் நாட்களில் அதை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஆன்டிபயாட்டிக் ஆனாலும் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில மருந்துகளை முட்டைக் கோழிக்குக் கொடுக்கவே கூடாது.

இமையில் மருக்கள், கொண்டையிலும் தாடியிலும் கறுத்த பொறுக்குகள் இருந்தால் அம்மை. கொசுவால் பரவுவது. வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது, மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிரும். பொறுக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும், வடு விழுந்து இமை சரியாக மூடாமல் போகும், உதிர்ந்த பொறுக்கில் வைரஸ் மாதக் கணக்கில் உயிரோடு இருந்து மற்றவற்றுக்கும் போகும். இமை ஒட்டாமல் கழுவுவதும், உள்ளே வேறு கிருமி புகாமல் ஆயின்ட்மென்ட் இடுவதும்தான் நம் வேலை. அம்மையில் கோழி சாவது பெரும்பாலும் அம்மையால் அல்ல, இரண்டு கண்ணும் மூடிப் பசியால்.

காற்று

பல கோழிகளுக்கு ஒரே நேரத்தில் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைக் கண்டால் மூடிக்கொண்டு, இறக்கையில் கண்ணைத் தேய்த்தால், சளியும் காய்ச்சலும் இல்லையென்றால், குற்றவாளி எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. நின்றபடி மோந்தால் தெரியாது. கோழியின் தலை உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, காலையில் கதவைத் திறந்த உடனே மோந்து பாருங்கள். 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) அளவிலேயே மூச்சுப் பாதை பாதிக்கத் தொடங்கும், 50, 60ஐத் தாண்டினால் கருவிழி புண்ணாகும். நம் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும், தினமும் உள்ளே போகிறவருக்கு நாற்றமே தெரியாது. வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு மோக்கச் சொல்வது நம்பகமானது.

கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். ஈரம் பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வந்தால் சிந்துவது குறையும். அடைகட்டைக்கு அடியிலும் பாருங்கள். இங்கே பலர் செய்யும் தவறு, ஈரக் கூளத்தின் மேல் சுண்ணாம்பைத் தூவுவது. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டும், காரத்தில் அம்மோனியா இன்னும் வேகமாக வாயுவாகக் கிளம்பும். கண் நோவோடு இருக்கும் கோழிகளை உள்ளே வைத்துக்கொண்டு அதைச் செய்வது புண்ணில் உப்பு வைத்த கதை. முதலில் ஈரக் கூளத்தை முழுதாக அள்ளி வெளியே கொட்டுங்கள், காய்ந்த கூளம் போடுங்கள், கோழிகளின் தலைக்கு மேல் காற்றுப் போக வழி வையுங்கள். கருவிழி மங்கியிருந்தால் தெளிய வாரக் கணக்கில் ஆகும்.

பூஞ்சை பிடித்த கூளமும் தீவனமும் குஞ்சுகளுக்கு வேறொரு தொல்லை தரும். மூன்றாவது இமைக்கு அடியில் மஞ்சள் கட்டி, கூடவே வாய் திறந்து மூச்சு. பூஞ்சை என்பதால் ஆன்டிபயாட்டிக் உதவாது.

தீவனமும் புழுவும்

வெள்ளைத் தானியங்களை மட்டும் தின்று, பச்சை இலை கிடைக்காமல் அடைபட்ட கோழிக்கு வைட்டமின் ஏ குறையும். கண்ணீர் வற்றி இமை ஒட்டும், உள்ளே சீழ் போன்ற வெள்ளைக் கட்டி சேரும். உறுதிப்படுத்த வாயைத் திறந்து பாருங்கள், தொண்டையில் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அம்மையின் தொண்டைப் படலமும் பார்வைக்கு இப்படித்தான். நனைத்த பட்ஸால் தொட்டால், வைட்டமின் புள்ளி ரத்தமில்லாமல் கழன்றுவரும், அம்மைப் படலம் ரத்தம் கசியும். பச்சை இலை, கேரட், மஞ்சள் மக்காச்சோளம் ஆகியவற்றைச் சேர்த்தால் திரும்பும். மாத்திரையாகவோ சொட்டாகவோ கொடுத்தால் அளவு முக்கியம், இந்த வைட்டமின் உடம்பில் தங்கி மிகையானால் நஞ்சாகும். வைட்டமின் எண்ணெயைக் கண்ணுக்குள் விடுவது எந்தப் பயனும் தராது. அரைத்த தீவனத்தில் சேர்த்த வைட்டமினும் வெயிலிலும் காற்றிலும் நாளாக நாளாகச் சிதைந்துவிடும், மூட்டையைப் பல மாதம் வைத்திருந்தால் லேபிளில் எழுதியிருப்பது உள்ளே இருக்காது.

வெப்பமான ஊர்களில் கோழி கண்ணை விடாமல் காலால் சொறிந்தால் கண்புழுவைத் தேடுங்கள். மூன்றாவது இமைக்கு அடியில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் நெளியும். கரப்பான் பூச்சியைத் தின்றால் வருவது. அதிலிருந்து வெளிப்படும் புழுக்குஞ்சு இரைப்பையிலிருந்து (கழுத்தடியில் தீவனம் முதலில் தங்கும் பை) மேலேறி, கண்ணீர்க் குழாய் வழியாகக் கண்ணுக்கு வந்துவிடும். மருத்துவர் கண்ணை மரக்கச் செய்து இடுக்கியால் எடுப்பார். வீட்டில் உப்புக்கரைசலால் தாராளமாகக் கழுவினால் சில வெளியே வரும், எல்லாம் வராது. தீவன மூட்டைக்கு அடியிலும் பலகை இடுக்குகளிலும் உள்ள கரப்பானை ஒழிக்காமல் கண்ணை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் மறு மாதம் மறுபடி வரும்.

ஐந்தாறு மாதக் கோழியில் கண்மணியைச் சுற்றியுள்ள ஆரஞ்சு வளையம் சாம்பல் நிறமாகி, கண்மணியின் ஓரம் கடித்தாற்போல் கோணலானால் மாரெக் என்ற வைரஸ் நோய். வைத்தியம் இல்லை. தடுப்பூசி குஞ்சு பொரித்த நாளில் போட வேண்டியது, வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

உயிருள்ள தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டிய பின் மூன்று முதல் ஐந்து நாள் கண் லேசாகச் சிவந்து நீர் வடிவது இயல்பு. அதற்கு மருந்து வேண்டாம். ஆனால் கண் வீக்கத்தோடு பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல், நீலம் பாரித்த கொண்டை, அடுத்தடுத்துச் சாவு என்று வந்தால் வெள்ளைக்கழிச்சலோ (ராணிக்கெட் நோய்) பறவைக் காய்ச்சலோ இருக்கலாம். இறந்ததை அறுத்துப் பார்க்காமல், எதையும் வெளியே கொண்டு போகாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

கண் மூடிய கோழிக்குச் சோறு

தொட்டுப் பார்க்க இரைப்பையை விட நல்ல அளவுகோல் இல்லை. மாலையில் நிறைந்திருக்க வேண்டும், காலையில் காலியாக இருக்க வேண்டும். மாலையிலும் காலியென்றால் கோழி தீவனத்துக்கு முன்னால் நின்றும் தின்னவில்லை என்று பொருள். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். தீவனத்தைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, ஆழமான கிண்ணத்தில், எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். விரலால் கிண்ணத்தைத் தட்டி, அலகு நுனியை அதில் தொட வையுங்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் தட்டும் சத்தத்துக்கே வந்துவிடும். தண்ணீருக்கும் அப்படியே, அலகு நுனி மட்டும். மூக்குத் துளை முங்கக் கூடாது. வாய்க்குள் சிரிஞ்சால் ஊற்றுவது கடைசி வழி. நாக்குக்குப் பின்னால் உள்ள மூச்சுத் துளைக்குள் போனால் அன்றைக்கே முடிந்துவிடும்.

பிரித்து வைக்கும் கூண்டு மற்றவற்றின் கண்ணில் படும் தூரத்தில் இருக்கலாம், மூச்சுக் காற்று எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. தும்மலோ சளியோ இல்லாத வெறும் கொத்துக் காயம் என்றால் கம்பி வலைக்கு அப்புறம் கூட்டத்தோடு வைப்பது நல்லது. இரண்டு வாரம் காணாமல் போன கோழியை மற்றவை புதிதாக வந்ததாகவே நடத்தும், மறுபடி முதலில் கொத்து வாங்குவது கண்தான். நோயுள்ளதற்குக் கடைசியாகத் தீவனம் வையுங்கள், கையைக் கழுவாமல் உங்கள் கண்ணைத் தேய்க்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் மனிதருக்கும் கண் சிவப்பை உண்டாக்கும், தடுப்பு மருந்து சொட்டும்போது தெறித்தாலும் அப்படியே. கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும். புதிய கோழிகளை 30 நாள் தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

ஒரு கண் போய் வலியில்லாமல் சுருங்கிவிட்டால் அதை அப்படியே விடலாம். கண் உருண்டை வெடித்து, அழுகி, தொட்டால் துடித்தால் மருத்துவர் கண்ணை எடுத்துத் தைத்துவிடுவார். ஒற்றைக் கண் கோழி மேயும், முட்டையிடும், அடையும். பார்வை இல்லாத பக்கமாகப் போய்த் தூக்கினால் மட்டும் அலறும், எனவே பேசிக்கொண்டே கிட்டே போங்கள். அதன் அடைகட்டை தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். இரு கண் விலகிப் பார்க்கும் பறவைக்கு ஒரு கண் போனால் குதிக்கும் தூரம் கணக்கில் வராது, உயரத்திலிருந்து இறங்கும்போது காலை ஒடித்துக்கொள்ளும்.